எந்த வீட்டுப் பிள்ளை இந்தப் பொடி?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருமனைப் பக்கத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஜிப் கவரை எடுத்தார், உள்ளே கால் ஸ்பூன்கூட வராத வெள்ளைப் பொடி. "சாரே, பயலுக்க பேக்குல கெடந்தது. போலீசுக்குப் போவாம இது என்னதுன்னு பாத்துத் தர முடியுமா?" இன்னொரு கையில் ஆன்லைனில் வாங்கிய சிறுநீர்ப் பரிசோதனை ஸ்ட்ரிப். "இதுல ஒண்ணும் இல்லேன்னுதான் காட்டுது."

தடய அறிவியல் ஆய்வகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இந்தப் பொடிகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இருந்தாலும் அதைக் கையில் வாங்க எனக்கு இப்போது அதிகாரம் கிடையாது, வாங்கவும் இல்லை. ஆனால் அந்த ஸ்ட்ரிப்பை நம்பி அவர் நிம்மதியாக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அது தனக்குத் தெரிந்த நாலைந்து பொருளை மட்டும் தேடும். கஞ்சாவுக்கான ஸ்ட்ரிப்பில் செயற்கைக் கஞ்சா தெரியாது. 'இல்லை' என்று அது காட்டினால், 'நான் தேடியது இல்லை' என்றுதான் அர்த்தம்.

சரி, ஆய்வகத்தில் எப்படிப் பார்ப்போம்? அகச்சிவப்புக் கருவியில் கடுகளவு வைரம் ஒன்று பதித்திருக்கும். அதன்மேல் ஒரு சிட்டிகை பொடி, மேலே திருகை இறக்கி அழுத்தினால் ஒரு நிமிஷத்துக்குள் திரையில் மலையும் பள்ளமுமாக ஒரு கோடு ஓடும். நம்மூரில் பெரியவர்கள் முகத்தைப் பார்த்தே "நீ இன்னார் வீட்டுப் பிள்ளைதானே மக்கா" என்று கேட்பார்கள் இல்லையா, அதே வேலைதான். மெபட்ரோன் என்ற போதைப் பொருள் கேத்தினோன் என்ற வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக்குக் கோட்டில் 1,690 என்ற அலை எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கும், அந்த வீட்டு மூக்கு மாதிரி. எம்டிஎம்ஏ என்ற இன்னொரு போதைப் பொருளுக்கு அது கிடையாது.

ஆனால் அடுத்த கருவியில், அதாவது மூலக்கூறை உடைத்துத் துண்டுகளை எடைபோடும் நிறை நிறமாலைமானியில், மெத்தாம்பெட்டமைன், எம்டிஎம்ஏ, மெபட்ரோன் மூன்றுக்குமே உயர்ந்து நிற்கும் கோடு 58 என்ற எடையில்தான். மூன்றும் வேறு வேறு சரக்கு, உடைந்து விழும் பெரிய துண்டு ஒன்றே. இதைவிடக் கொடுமை, ஃபுளோரின் அணு மூலக்கூறின் வளையத்தில் இரண்டாம், மூன்றாம், நான்காம் இடம் என்று மாறி உட்காரும் பங்காளிகள். நிறைமானிக்கு அவை மூன்றும் கிட்டத்தட்ட ஒரே ஆள்.

இதில் நான் வழுக்கி விழுந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கணினி, தெரிந்த பொருள்களின் நிறமாலைகளைச் சேர்த்துவைத்திருக்கும் தன் நூலகத்தோடு ஒப்பிட்டு முதலில் காட்டிய பெயரை அப்படியே எழுதி நீட்டினேன். மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மூணாவது பேருக்கும் இதுக்கும் எத்தனை மார்க் வித்தியாசம்?" என்றார். பார்த்தால் ஒன்றிரண்டு. எதைக் கொடுத்தாலும் கணினி ஏதாவது ஒரு பெயர் சொல்லும். நூலகத்தில் இல்லாத புதுச் சரக்கு வந்தால், இருப்பதிலேயே சாயல் ஒத்த ஒருவன் பெயரைச் சொல்லும், அவ்வளவுதான். உலகம் முழுக்கக் கண்காணிப்பில் வந்த புதுப் போதைப் பொருள்கள் ஆயிரத்தைத் தாண்டியாயிற்று, எந்த நூலகம் ஈடுகொடுக்கும்?

இங்கேதான் புள்ளியியல் கைகொடுக்கிறது. ஒரு நிறமாலையில் ஆயிரக்கணக்கான எண்கள். அத்தனையையும் சுருக்கி இரண்டு மூன்று அச்சுகளில் புள்ளியாக வைத்தால், ஒரு வீட்டார் ஒரு மூலையில் கூடுவார்கள். புதியவன் எந்தக் கூட்டத்தருகே விழுகிறான், எவ்வளவு தள்ளி விழுகிறான் என்று அளந்தால் குடும்பமாவது தெரியும். அந்தத் தூரத்துக்கே மகலனோபிஸ் தூரம் என்று பெயர், 1936-இல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் கல்கத்தாவில் கொடுத்தது. (இந்தப் பொடிகளை இன்னொரு வழியில் பார்க்க உதவும் ராமன் விளைவும் 1928-இல் அதே ஊரில் பிறந்ததுதான்.) தூரம் ஒரு அளவைத் தாண்டினால் 'இந்த வீடு எதுவுமில்லை' என்று சொல்லவும் நிரலுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாத நிரல் எந்தப் பிள்ளையையும் யார் தலையிலாவது கட்டிவிடும். குடும்பம் தெரிந்தபிறகு, ஆள் யாரென்று உறுதிசெய்ய, காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவியும் சுத்தமான ஒப்பீட்டு மாதிரியும் வேண்டும். சில நேரம் அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

பெயர் மாறினால் தலைவிதியே மாறும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் எம்டிஎம்ஏ 10 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு, குறைந்தது பத்து வருஷம் சிறை. 2015-இல் பட்டியலில் சேர்ந்த மெபட்ரோனுக்கு அந்த எல்லை 50 கிராம். மும்பையில் 'எம்டி' என்றால் மெபட்ரோன், நம் பையன்களோ அதை எம்டிஎம்ஏவின் சுருக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வந்தவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பையனைத் திட்டாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், சிகிச்சைக்கு அவனாக முன்வந்தால் சிறிய அளவு விஷயத்தில் சட்டமே 64ஏ பிரிவில் பாதுகாப்பு தருகிறது, கையில் இருக்கும் பொடியை என்ன செய்வதென்று ஒரு வக்கீலைக் கேளுங்கள் என்றேன். யாரிடம் கேட்பதென்று தெரியாதவர்களுக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. மயங்கி விழுந்தாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ யோசிக்காமல் 108.

இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். பையன் டாக்டரிடம் ஒத்துக்கொண்டானாம்.

"என்னது எடுத்தேன்னு டாக்டர் கேட்டாவ சாரே. எம்டிஎம்ஏன்னான். அது எப்படித் தெரியும்னு கேட்டாவ."

"என்ன சொன்னான்?"

"வித்தவன் சொன்னானாம்."