சிம்னி: புகைபோக்கியா, புகைக்கூண்டா?

கொங்குப் பக்கம் சிம்னி என்றால் ஆளுக்கொரு பொருள். பாட்டிக்கு மண்ணெண்ணெய் விளக்கு, செங்கல் சூளைக்காரருக்கு உயரமான தூண், புது அபார்ட்மெண்டில் அடுப்புக்கு மேலே இரைகிற பெட்டி. தமிழில் சிலர் புகைபோக்கி என்கிறார்கள், சிலர் புகைக்கூண்டு என்கிறார்கள். எது பொருத்தம்?

கிரேக்கத்தில் 'காமினோஸ்' என்றால் உலை. அது லத்தீனுக்குப் போய், கணப்பு, அதாவது குளிர்காயும் நெருப்பு, உள்ள அறைக்குப் பெயராகி, பிரெஞ்சில் 'ஷெமினே' என்று மாறி, ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது. ஆக, முதலில் நெருப்பு இருந்த இடத்துக்குத்தான் பெயர், புகை போகும் வழிக்கு அல்ல. விளக்கின் கண்ணாடிக் குழாய்க்கும் அதே பெயர். நம் ஊரில் கண்ணாடியே இல்லாத விளக்கும் சிம்னி விளக்காகிவிட்டது!

சரி, மில்களில் நின்ற உயரமான சிம்னிக்கு வருவோம். கோவையில் 1888இல் ஆங்கிலேயரான ராபர்ட் ஸ்டேன்ஸ் பஞ்சாலை தொடங்கியபோது நீலகிரியின் பைக்காரா மின்சாரம் கிடையாது, நீராவிதான். அந்தக் கால நீராவி ஆலைகளில் கொதிகலனின் ஆவி எஞ்சினை ஓட்டும், எஞ்சின் பெரிய சக்கரத்தைச் சுற்றும், அங்கிருந்து கயிறோ பெல்ட்டோ வழியாக நீண்ட ஷாஃப்டுக்குப் போய், அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் இழுவை பிரியும். அதனால்தான் கொதிகலன் அறை, எஞ்சின் அறை, நூற்புக்கூடம் எல்லாம் ஒட்டி ஒட்டியே இருக்கும். தள்ளிக் கட்டினால் நிறைய சக்தி வழியிலேயே போய்விடும்.

சிம்னியில் வந்தது நீராவி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அடுப்புப் புகை. சூடான புகை லேசானது, மேலே ஏறும். ஏறும்போது கீழே அடுப்புக்குள் புதுக் காற்றை இழுத்துவிடும். தூண் உயர உயர இழுப்பும் கூடும், ஃபேனே தேவையில்லை. இதை நினைத்தால் புகைக்கூண்டு எனக்குப் பிடிக்கவில்லை, கூண்டு என்றால் அடைத்து வைப்பதல்லவா! புகைபோக்கி பரவாயில்லை, காற்றை இழுக்கும் வேலையைச் சொல்லாவிட்டாலும்.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது, அப்புறம் வந்த ஆலைகளில் மோட்டார்தான். நூல் நூற்க மட்டும் என்றால் அந்தத் தூணே வேண்டியதில்லை. திருப்பூர்ச் சாயப் பட்டறைகளில் கொதிகலனும் புகைபோக்கியும் இன்றும் உண்டு, சாயம் ஏற்ற ஆவி வேண்டுமே.

சமையலறைப் பெட்டிக்குப் புகையுறிஞ்சி என்பேன். சில மாடல்கள் புகையை எங்கும் போக்குவதில்லை, வடிகட்டி அதே அறைக்குள்ளேயே விட்டுவிடுகின்றன.