ஓவரி கேன்சர் ஏன் வயித்துக் கொழுப்பத் தேடிப் போகுது?

ஆட்டுக்குடல் வாங்கிக் கழுவினவங்களுக்குத் தெரியும், மேல வலை மாதிரி வெள்ளையா ஒரு கொழுப்பு விரிஞ்சு கிடக்கும். நமக்கும் அது இருக்கு, இரைப்பையிலருந்து தொங்கி குடலுக்கு முன்னாடி மூடியிருக்கும், டாக்டருங்க அத ஒமென்டம்னு சொல்வாங்க. ஓவரி கேன்சர் பரவினா அதிகமா போய் ஒட்டுற எடம் இதுதான், அதனாலதான் ஆபரேஷன்ல ஓவரி, கர்ப்பப்பையோட சேர்த்து இதையும் எடுத்துடுறாங்க.

மத்த பல கேன்சர் ரத்தக்குழாய்க்குள்ள புகுந்து நுரையீரல், எலும்புன்னு தூரமா போகும். ஓவரி கேன்சர் செல்லுக்கு பெரும்பாலும் அந்த வழியே தேவைப்படல. கட்டியிலருந்து உதிர்ந்து, தனியாவும் கொத்துக்கொத்தாவும் வயித்துக்குள்ள இருக்கிற நீர்ல மிதக்குது, நாம மூச்சு விடறப்பவும் குடல் அசையறப்பவும் அந்த நீர் நகருமில்லையா, அதோடவே இதுவும் போகுது. வயிறு பூரா சுத்துற செல்லு கொழுப்ப பாத்ததும் ஏன் நிக்குதுங்கறதுதான் கேள்வி.

அமெரிக்காவுல சிகாகோ பல்கலைக்கழகத்துல எர்ன்ஸ்ட் லெங்கெலோட டீம் 2011-ல இதுக்கு முக்கியமான பதில் குடுத்தாங்க. ஒமென்டத்துல இருக்கிற கொழுப்பு செல்லுங்க இன்டர்லூகின்-8 மாதிரி சில புரதங்கள வெளிய விடுது, அதோட தூண்டுதல்ல கேன்சர் செல்லு அந்தப் பக்கமா நகர்ந்து வருது. வந்து பக்கத்துல ஒட்டினதும் கொழுப்பு செல்லு தனக்குள்ள சேத்து வச்சத உடைச்சு ஃபேட்டி ஆசிடா வெளிய விட, கேன்சர் செல்லு அத எடுத்து எரிச்சு அந்த எனர்ஜில வேகமா பெருகுது. இந்த கைமாத்துக்கு எஃப்ஏபிபி4ங்கற ஒரு புரதம் உதவுது, அது இல்லாத எலிங்கள்ல கேன்சர் பரவினது ரொம்ப கொறஞ்சுது. இப்படியே போயி கடைசில அந்த எடத்துல கொழுப்பே மிஞ்சாது, முழுக்க கெட்டியான கட்டியா ஆயிடும். ஸ்கேன் ரிப்போர்ட்ல ‘ஒமென்டல் கேக்’னு எழுதறது இந்த நிலையத்தான்.

அப்ப உடம்புல கொழுப்பு அதிகமா இருந்தா? 2015-ல நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துல கொழுப்புத் தீனி போட்டு குண்டாக்கின எலி, மரபணுவாலயே குண்டான எலி ரெண்டுலயும் ஓவரி கேன்சர் செல்ல வயித்துக்குள்ள விட்டுப் பாத்தாங்க. ஒல்லியான எலிங்கள விட அதுங்களுக்கு கட்டி அதிகமா பரவுச்சு, கட்டிக்குள்ள புது ரத்தக்குழாய் கூடியிருந்துச்சு, மேக்ரோஃபேஜ்ங்கற நோய் எதிர்ப்பு செல்லுங்கள்ல கேன்சர எதுக்குற வகை கொறஞ்சு இருந்துச்சு. ஆக கேன்சருக்கு தீனி கிடைக்கறது மட்டும் இல்ல, உடம்போட காவலும் பலவீனமாகுது.

ஆனா கொழுப்பு மட்டுமே காரணம்னு முடிச்சுடக் கூடாது. ஒமென்டத்துல நோய் எதிர்ப்பு செல்லுங்க கூட்டமா இருக்கிற சின்னச் சின்ன புள்ளிங்க இருக்கு, அதுவும் கேன்சர் செல்ல பிடிச்சு நிறுத்துது, எலிங்கள்ல அந்தப் புள்ளி இல்லாத கொழுப்புல கேன்சர் அவ்வளவா ஒட்டறதில்ல.

மனுஷங்கள்ல கணக்கு இன்னும் சிக்கல். 2012-ல 47 ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்தப்ப, மெனோபாஸுக்கான ஹார்மோன் மாத்திரை எடுக்காத பொண்ணுங்களுக்கு பிஎம்ஐ (உயரத்தோட எடைய ஒப்பிட்டுப் பாக்குற அளவு) 5 கூடினா இந்த கேன்சர் வர்ற வாய்ப்பு சுமார் 10 சதவீதம் கூடுது. இது வர்றதப் பத்தின கணக்குதான், பரவறதப் பத்தி இல்ல, ஆபத்தும் கொஞ்சம்தான் கூடுது. அதனால குண்டா இருந்ததாலதான் வந்துச்சுன்னு எந்தப் பொண்ணயும் பாத்து தயவுசெஞ்சு சொல்லாதீங்க, ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் இது வருது, பரவுது.

இன்னொண்ணு, குண்டானவங்களுக்கு பக்கவிளைவு அதிகமாயிடுமோன்னு பயந்து பல டாக்டருங்க கீமோ மருந்து அளவ கொறச்சே குடுத்தாங்க. உண்மையான எடைக்கு ஏத்த முழு டோஸ் குடுக்கணும்னு அமெரிக்க கேன்சர் டாக்டர்கள் சங்கம் 2012-ல வழிகாட்டுதல் போட்டுச்சு. அதுக்கு முன்னாடி குண்டான பொண்ணுங்க எவ்வளவு நாள் பிழைச்சாங்கன்னு எடுத்த கணக்குல, கொழுப்பு செஞ்சது எவ்வளவு, கொறஞ்ச மருந்து செஞ்சது எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்கறது கஷ்டம்.