பப்ளிக் ஸ்பேஸ்: பொது இடமா, பொதுவெளியா, முற்றமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே ஒரு பெரிய மாலின் நடுவில் திறந்த சதுக்கம் ஒன்று இருக்கிறது. கல் பாவிய தரை, நீரூற்று, வரிசையாகப் பெஞ்சுகள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேரை ஒருநாள் அங்கே கூட்டிப்போனேன். கண்ணில் படும் பொருளுக்கெல்லாம் தமிழில் பெயர் எழுதுவது அன்றைய பாடம். வட்டமாக உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, காவலர் வந்து நின்றார். தோளில் மாட்டியிருந்த வாக்கிடாக்கி கரகரத்துக்கொண்டே இருந்தது. "சாரி அங்கிள், குரூப்பாக உட்கார மேனேஜ்மென்ட் லெட்டர் வேண்டும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் வேலை அது. எழுந்தோம்.

காருக்குப் போகும் வழியில் பதினோரு வயதுப் பெண் கேட்டாள்: "சார், இது பப்ளிக் ஸ்பேஸ்தானே? அதுக்குத் தமிழ்ல என்ன?"

"பொது இடம்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின்தான் அந்தப் பதில் பிழை என்று உறுத்தியது.

பப்ளிக் என்ற சொல் லத்தீனின் 'பூப்ளிகுஸ்' வழியாக வந்தது. மக்களுக்கு உரியது என்று பொருள். அதற்கு எதிராக நிற்கும் பிரைவேட்டின் வேர் இன்னும் கூர்மையானது. 'பிரிவாரே' என்றால் பறித்தல், பிரித்தல். பொது வாழ்விலிருந்து பிரிந்து நிற்பவனே 'பிரிவாத்துஸ்'. நம் 'தனியார்' என்ற சொல்லில் அந்தப் பறித்தல் இல்லை. 'ஆர்' விகுதி சேர்ந்து மரியாதையாகவே ஒலிக்கிறது. ஆகவே 'தனியார்மயம்' என்று படிக்கும்போது யாரோ சிலருக்கு ஏதோ கிடைத்தது மட்டும் தெரிகிறது. யாரிடமிருந்து போனது என்பது தெரிவதில்லை.

பேச்சுத் தமிழில் பப்ளிக்குக்கு ஈடு தேட அகராதி வேண்டாம். 'நாலு பேர்' போதும். நாலு பேர் முன்னால் பேசாதே, நாலு பேர் வந்து போகிற இடம் என்கிறோம். யார் அந்த நாலு பேர் என்று யாரும் கேட்பதில்லை. யாராகவும் இருக்கலாம் என்பதுதான் அந்தச் சொல்லின் அழகு.

பழைய இலக்கியத்தில் இதற்கு மன்று, மன்றம், அம்பலம், பொதியில் என்று பல பெயர்கள். மன்று ஊர் நடுவே ஆட்கள் கூடும் திறந்த இடம். வீட்டில் உறவாடிவிட்டு வெளியே பழிப்பவரின் நட்பு வேண்டாம் என்று சொல்ல வந்த குறள் 820, 'மனை' என்பதற்கு எதிரே 'மன்று' என்பதை நிறுத்துகிறது. பிரைவேட், பப்ளிக் என்ற பிரிவு இரண்டே சொல்லில் முடிந்துவிட்டது. 'அம்பலப்படுத்து' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த அம்பலமும் ஊரறியும் இடம்தான்.

சிலப்பதிகாரம் புகார் நகரில் ஐந்து மன்றங்களைச் சொல்கிறது. அவற்றுள் வெள்ளிடை மன்றத்தில் வணிகரின் மூட்டைகள் பெயரும் எண்ணும் எழுதி வெட்டவெளியில் கிடக்கும். தாழ் இல்லை, காவலாள் இல்லை. கள்வன் தொட்டால் அவனையே அந்தச் சுமையைத் தலையில் ஏற்றி ஊர் சுற்ற வைக்கும் மன்றம் அது. கதைதான். ஆனாலும் பொதுவிடம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்ற ஆசை அதில் இருக்கிறது.

இந்தப் பழம்பெருமையோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. ஊர்ப்பொதுக் கிணறு என்று பெயர் இருந்த கிணற்றில் எல்லோரும் தண்ணீர் சேந்திவிட முடிந்ததா? 1924-இல் வைக்கத்தில் போராட்டம் நடந்தது கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக. 'பொது' என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு வேலி இருந்தது. அதை ஒளித்துவிட்டு இந்தச் சொல்லை விளக்க முடியாது.

'புறம்போக்கு' பட்ட பாடு தனிக்கதை. வரிக்கணக்குக்குப் புறமாக ஒதுக்கப்பட்ட நிலம் அது: மேய்ச்சல், ஏரி, வண்டிப்பாதை, சுடுகாடு. யார் பெயரிலும் பட்டா இல்லை, எல்லோருக்கும் பயன் உண்டு. அந்தச் சொல் இன்று வசை. எவருக்கும் சொந்தமில்லாதது எதற்கும் உதவாதது என்று நினைக்கப் பழகியதன் தடம் அது. நிலத்தை வளைப்பதற்கு முன்பே சொல்லை வளைத்துவிட்டார்கள். எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிற செய்தி.

டர்பனுக்கு வருகிறேன். இங்கே பொதுவிடத்தைக் கூறுபோட்டது சட்டமே. 1953-இன் தனித்தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம் பெஞ்சு, பேருந்து, பூங்கா, கடற்கரை என எல்லாவற்றையும் நிறம் பார்த்துப் பிரிக்க வழி செய்தது. இந்தக் குளிக்கும் இடம் வெள்ளையருக்கு மட்டுமே என்ற பலகை ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ், ஜூலு என மூன்று மொழிகளில் கடற்கரையில் நின்றது. 1990-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. இன்று அதே கரையோர நடைபாதையில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். புத்தாண்டு நாளில் மணல் கண்ணுக்குத் தெரியாது.

அதற்கு முன்பும் நம்மவர்கள் வெறும் நிலத்தை மன்றாக்கியிருக்கிறார்கள். 1946 ஜூனில், இந்தியரின் நில உரிமையை ஒடுக்கிய சட்டத்தை எதிர்த்து டர்பன் ரெட் ஸ்குவேரில் பெருங்கூட்டம் கூடியது. அங்கிருந்து புறப்பட்டு கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சேரும் முனையில் நகரசபையின் காலி மனையில் கூடாரம் அடித்தார்கள். டாக்டர் மாண்டி நாயக்கர் முன்னின்ற போராட்டம் அது. சிறை சென்றவர்கள் இரண்டாயிரத்துக்கு மேல். கூட்டம் கூடிய அந்த ரெட் ஸ்குவேர் இருந்த இடத்தில் பிறகு அடுக்குமாடி வண்டி நிறுத்தம் எழுந்தது.

நிறப் பலகைகள் போன பிறகு வந்த வேலி வேறு மாதிரி. மால், தெருமுனைத் தடுப்புக் கம்பம், கட்டட உரிமையாளர்கள் கூடுதல் கட்டணம் கட்டித் தாங்களே துப்புரவும் காவலும் நடத்தும் வட்டாரங்கள். இந்நாட்டில் பணியில் உள்ள தனியார் காவலர் ஐந்து லட்சத்துக்கு மேல். போலீசும் படையும் சேர்ந்தாலும் அந்த எண்ணிக்கை வராது. வழிப்பறிக்கு அஞ்சும் மக்கள் காவலை விரும்புவதில் தவறில்லை, என் வீட்டு வாசலிலும் கம்பிக் கதவு இருக்கிறது. ஆனால் காவலோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வந்துவிடுகிறது: "உனக்கு இங்கே என்ன வேலை?" மன்றில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

ஜோகன்னஸ்பர்க்கின் சாண்ட்டனில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். அங்கே கடைகள் சூழ்ந்த சதுக்கத்தில் ஆறு மீட்டர் உயர மண்டேலா சிலை நிற்கிறது. 2004-இல் சதுக்கத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். பெயர் மக்கள் தலைவருடையது, தரை தனியாருடையது.

சட்டத்திலும் இந்த வேறுபாடு தெரிகிறது. அமைதியாகக் கூடும் உரிமையை அரசமைப்பின் 17-ஆம் பிரிவு தருகிறது. பொதுத்தெருவில் பதினைந்து பேர் வரை முன்னறிவிப்பு இல்லாமலே பதாகை பிடித்து நிற்கலாம். மாலின் சதுக்கத்தில் ஒன்பது பிள்ளைகள் நோட்டுப்புத்தகம் பிரிக்கக் கடிதம் வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் ஊர்க்கதை உண்டு. டர்பனின் வாரிக் பகுதியில் உள்ள, இந்தியக் காய்கறிப் பயிர்க்காரர்களுக்காக 1910-இல் தொடங்கிய விடியற்காலைச் சந்தையை அகற்றி மால் கட்ட 2009-இல் திட்டம் வந்தது. வியாபாரிகள் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்றார்கள். மால் வரவில்லை. இன்றும் அங்கே கருவேப்பிலைக் கட்டுக்குப் பக்கத்தில் மடும்பி என்கிற சேப்பங்கிழங்கு குவிந்திருக்கிறது. தமிழ்ப் பாட்டியும் ஜூலுப் பாட்டியும் ஒரே தராசில் பேரம் பேசுகிறார்கள்.

ஆக, தமிழில் என்ன எழுதலாம்? 'பொது இடம்' என்பது ஆட்கள் நுழையும் எந்த இடத்துக்கும் பொருந்தும். சினிமாக் கொட்டகை, உணவகம், மால் எல்லாமே புகைபிடிக்கத் தடையுள்ள பொது இடங்கள்தான். உடைமை யாருடையது என்று அந்தச் சொல் கேட்பதில்லை. நாலு பேருக்கும் உரிமையுள்ள தெரு, கடற்கரை, பூங்கா, சந்தை இவற்றுக்குப் 'பொதுவெளி' பொருத்தம். மந்தைவெளி என்ற ஊர்ப்பெயரில் உள்ள அதே வெளி. கருத்துகள் மோதும் அரங்கையும் சிலர் பொதுவெளி என்கிறார்கள். அதற்குப் 'பொதுக்களம்' என்றால் குழப்பம் இராது.

மாலின் நடுவே இருப்பதற்குத்தான் சொல் இல்லை. திண்ணை என்று எழுத முதலில் நினைத்தேன். திண்ணையும் தனியார் உடைமை, வழிப்போக்கன் உட்காரும் இடம். ஆனால் திண்ணை, கதவுக்கு வெளியே தெருவைப் பார்த்து இருக்கும். மாலின் சதுக்கமோ கதவுக்கு உள்ளே தெருவைப்போல வேடமிட்டிருக்கிறது. அது முற்றம். வீட்டுக்காரர் அழைத்தால் உட்காரலாம், எழுந்துபோ என்றால் போக வேண்டும். 'கடைமுற்றம்' என்று எழுதலாம் என்பது என் துணிபு.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளைக் கடற்கரை நடைபாதைக்குக் கூட்டிப்போனேன். அந்தப் பெண் நோட்டில் 'பொது இடம்' என்பதை அடித்துவிட்டு இரண்டு சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். காற்று தாளைப் புரட்டிக்கொண்டே இருந்ததால் ஓரத்தில் செருப்பை வைத்து எழுதினாள்.