முப்பது வயதில் குடல் புற்றுநோய்: ‘எதனாலாக்கும் வந்தது?’

பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் என்று முடிவு கைக்கு வந்த இளம் நோயாளிகள் பலர், பிழைப்பேனா என்று கேட்பதற்கு முன்பே கேட்பது, “எதனாலாக்கும் டாக்டரே இது வந்தது?” பதிலும் அவர்களிடமே இருக்கும். மார்த்தாண்டம் பக்கத்து இளைஞருக்குப் பொறோட்டாவும் பீஃபும். குளச்சல் வீட்டாருக்கு மருந்து போட்ட மீன். மணவாளக்குறிச்சிக்காரருக்கு மணல். வளைகுடாவிலிருந்து திரும்பியவருக்கு அங்குள்ள சூடும் ஓட்டல் சாப்பாடும். செய்வினை என்று குரலைத் தாழ்த்திச் சொல்பவர்களும் உண்டு.

இந்தப் பதில்களை யாரும் சிரித்துத் தள்ளக் கூடாது. எதைக் காரணமென்று நம்புகிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் அந்த வீட்டில் அடுத்து யார் சோதனைக்குப் போவது என்பதே முடிவாகிறது.

முதலில் காலக் கணக்கு. குடல் புற்றுநோய் பெரும்பாலும் ‘பாலிப்’ என்னும் சின்னப் பருவாகத் தொடங்கும். அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் பிடிக்கும். போன வருடம் மாறிய வேலையும், ஆறு மாதத்துக்கு முந்தைய மனவருத்தமும் இந்தக் கணக்குக்குள் வராது.

மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது, இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட அதிகம். எல்லாம் உண்மை. இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்து 2009-ல் வெளிவந்த ஆய்வில், கதிர்வீச்சு கூடுவதற்கேற்பப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. கடற்கரை மக்களின் மற்றக் கவலைகளுக்கு இது பதிலாகாது. ஆனால் 32 வயதில் வந்த குடல் புற்றை மணலின் கணக்கில் எழுதிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது.

மீனில் ஃபார்மலின் போடுவது குற்றம். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான். ஆனால் உறுதியான சான்று இருப்பது மூக்குக்குப் பின்புறத் தொண்டைப் புற்றுக்கும் ரத்தப் புற்றுக்கும். பீஃப் விஷயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியை உறுதியான காரணியாகவும், மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சியைக் காரணியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றும் வகைப்படுத்தியது. வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. மைதா அந்தப் பட்டியலில் இல்லை. தினமும் பொறோட்டா தின்பவர் தட்டில் நார்ச்சத்து இருக்காது, எடையும் ஏறும். பிரச்சினை அந்த வழியாக வருகிறது. நோயாளிகள் தாங்களாகச் சொல்லாத காரணி மது. அது உறுதியான பட்டியலிலேயே இருக்கிறது. புகையும் அப்படித்தான்.

இவ்வளவுக்குப் பிறகும், ஒரு தனி ஆளுக்கு இன்னதால்தான் வந்தது என்று பெரும்பாலும் சொல்ல முடிவதில்லை. சமைத்துப் போட்ட அம்மாவோ மனைவியோ குற்ற உணர்ச்சியில் குமைய வேண்டியதே இல்லை.

இதைவிட ஆபத்தானது ‘மூலம் முற்றிப் புற்றாகிவிட்டது’ என்ற நம்பிக்கை. மூலம் புற்றாக மாறாது. புற்றையே மூலம் என்று நினைத்து, பத்தியம், களிம்பு, லேகியம் என்று எட்டு மாதம் போய்விடுவதுதான் நடக்கிறது. மலத்தோடு கலந்த ரத்தம், புதிதாக மாறிய மலப்போக்கு, போன பிறகும் மிச்சமிருப்பது போன்ற உணர்வு, காரணம் தெரியாத ரத்தசோகை: இவற்றுக்கு வயது பார்க்கக் கூடாது. மருத்துவர் கையுறை போட்டு விரலால் சோதிக்க ஒரு நிமிடம் போதும். மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டிகள் பல அதிலேயே தட்டுப்படும். கூச்சத்தில் மறுக்காதீர்கள். இளம்பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8 என்றால் மாதவிடாயைக் காரணம் காட்டி இரும்பு மாத்திரையோடு அனுப்பிவிடுவதும் நடக்கிறது. வலப்பக்கப் பெருங்குடல் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியும்.

பொறோட்டா என்று முடிவு கட்டிய வீட்டில் கேட்கப்படாமலே போவது குடும்ப வரலாறு. 50 வயதுக்குள் குடல் புற்று வந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குப் பரம்பரை மரபணுக் கோளாறு இருக்கிறது. ‘லிஞ்ச்’ எனப்படும் வகையில் பரு புற்றாக மாறும் காலம் இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சுருங்கலாம். அந்த மரபணுக் கோளாறு பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. ஒரு தாளில் மூன்று தலைமுறையை எழுதுங்கள்: பாட்டா, பாட்டி, அப்பா, அம்மா, அவர்களோடு பிறந்தவர்கள், உங்களோடு பிறந்தவர்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் என்ன நோய், எந்த வயதில். “அத்தைக்குக் கர்ப்பப்பை எடுத்தாச்சு” என்பதோடு விடாதீர்கள். ஏன் எடுத்தார்கள் என்று கேளுங்கள். கருப்பை, சினைப்பை, இரைப்பை, சிறுநீர்க்குழாய்ப் புற்றுகளும் லிஞ்ச் குடும்பங்களில் வரும்.

நோயாளியின் திசு, மெழுகுக் கட்டியாகப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கும். அதில் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற, டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்களையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். ஒன்று இல்லையென்றால் உடனே பரம்பரை என்று பொருளல்ல; அடுத்த சோதனைகள் தேவை. சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கவும் இந்த முடிவு உதவும்.

உடன்பிறந்தவர்களுக்கும் வயதுவந்த பிள்ளைகளுக்கும் கொலோனோஸ்கோபி (மலவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) 40 வயதில், அல்லது நோயாளிக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னதாக, எது முந்தியோ அப்போது. அண்ணனுக்கு 36-ல் என்றால் தம்பிக்கு 26-ல். லிஞ்ச் உறுதியானால் பொதுவாக 20 முதல் 25 வயதுக்குள் தொடங்கி ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை.

நம் குமரி மாவட்டத்தில் இந்தச் சோதனை கெடுவது பெரும்பாலும் பயணத்தால். திருவனந்தபுரத்தில் காலை நேரம் கொடுத்திருப்பார்கள். பஸ்ஸில் என்ன செய்வது என்ற பயத்தில், குடலைச் சுத்தமாக்கக் கொடுத்த பேதி மருந்தின் இரண்டாம் பாதியைக் குடிக்காமல் கிளம்புவார்கள். குடலின் வலப்பக்கம் அழுக்காகவே இருக்கும், சின்னப் பரு மறைந்துவிடும். மதிய நேரம் கேளுங்கள், அல்லது முந்தின நாளே போய்த் தங்குங்கள். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே, மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நாள் கீரை, கொய்யா, தக்காளி விதை வேண்டாம். முந்தின நாள் இளநீர், வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், பால் விடாத டீ போதும். சிவப்பு நிறப் பானம் கூடாது, உள்ளே ரத்தம் போலத் தெரியும். கடைசியாகப் போவது துகள் இல்லாமல், லேசான மஞ்சள் தண்ணீராக இருந்தால் குடல் தயார். கலங்கலாக இருந்தால் உள்ளே போகும் முன்பே செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்.