மஞ்சளாகவே நின்ற முட்டைகள்

ஆந்திராவின் குப்பம் நகரைச் சுற்றியுள்ள எல்லையோரக் கிராமங்களில், வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்கும் பேசும் பட்டு விவசாயிகளிடம் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். சென்ற கோடையில் பட்டுப்பூச்சி முட்டை தயாரிக்கும் வித்தகம் ஒன்றில் முட்டை அட்டை ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்து மனம் கனத்துப் போனது. வெண்பட்டு அந்துப்பூச்சியின் முட்டை முதலில் வெளிர்மஞ்சளாக இருக்கும். கருவுற்றிருந்தால் இரண்டு மூன்று நாளில் பழுப்பேறிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். ஒரு பூச்சி 400 முதல் 500 முட்டை வரை இடும். அந்த அட்டையில் பாதிக்கு மேல் மஞ்சளாகவே நின்றன; சிலவற்றின் நடுவில் குழி விழுந்திருந்தது.

முட்டை எடுப்பதற்கான விதைக்கூடு கொடுத்த விவசாயி கலங்கிவிட்டார். "புழு ஒன்றுகூடச் சாகவில்லையே சார், கூடும் கெட்டியாகத்தானே இருந்தது?" என்றார். உண்மைதான், அவர் வளர்ப்பில் குறையே இல்லை. மறுநாள் அவருடைய புழு வளர்ப்பு மனைக்குப் போனபோது அடுத்த தொகுதி கூடு கட்டிக்கொண்டிருந்தது. வெப்பமானி கதவோர நிழலில் 29 டிகிரி காட்டியது. அதைக் கழற்றி, தகரக் கூரையை ஒட்டி அடுக்கியிருந்த நெற்றிகைகளுக்கு (புழுக்கள் கூடு கட்டும் தட்டிகளுக்கு) மேலே பிடித்தேன். 34. "அண்ணா, புழு இருப்பது இங்கேதான்" என்றேன்.

கடும் வெப்பத்தில் ஆண் பட்டுப்பூச்சி மலடாகும் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் சுகாய், ஹனாவோகா 1972-லேயே எழுதிவிட்டார்கள். புழு பிழைத்துக்கொள்ளும், விந்தணு கெட்டுவிடும். செல்லுக்குள் நடப்பது பிறகுதான் மெல்ல மெல்லத் தெரியவந்தது.

மரபணுக்களை எப்போது பேசவிடுவது, எப்போது அடக்குவது என்பதைக் கவனிக்கும் வேலையில் சிறு ஆர்என்ஏக்களுக்குப் பெரும் பங்குண்டு. இருபது முப்பது எழுத்துக்களே கொண்ட துணுக்குகள். இவற்றில் ஒரு வகையான மைக்ரோ ஆர்என்ஏவைக் கண்டறிந்ததற்காகத்தான் அம்ப்ரோஸ், ருவ்குன் இருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது. பட்டுப்புழு பெண்ணாவதே பிவி ஆர்என்ஏ எனும் மற்றொரு வகைத் துணுக்கு ஒன்றால்தான் என்று 2014-இல் தெரிந்தபோது நான் வியந்து நின்றேன். நெருக்கமாக வாழும் வெட்டுக்கிளித் தாய்களின் முட்டைகள் ஒரே நேரத்தில் பொரிவதிலும் ஒரு மைக்ரோ ஆர்என்ஏவுக்குப் பங்கிருக்கிறது.

பிவி ஆர்என்ஏக்கள் இனப்பெருக்கச் செல்களின் காவலர்கள். இடம்விட்டு இடம் தாவிச் சேதம் செய்யும் மரபணுத் துண்டுகளை அடக்கிவைப்பவை. பழ ஈயில், தாயிடமிருந்து இந்தக் காவல் வந்து சேராத சில கலப்புக் குஞ்சுகள் 29 டிகிரியில் வளர்ந்தால் மலடாகின்றன; குளிர்ச்சியில் வளர்ந்தால் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. இந்தத் துணுக்குகளை, அவற்றோடு சேர்ந்து வேலை செய்யும் பிவி என்ற காவல் புரதத்தில் சரியாகப் பொருத்த ஹெச்எஸ்பி 90 என்ற புரதம் வேண்டும் என்பதைப் பட்டுப்புழுச் செல்களிலேயே 2013-இல் காட்டினார்கள். வெப்பத்தில் குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடிப்பதும் அதே புரதம்தான். கோடையில் அதற்கு இரட்டைச் சுமை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே விதைக்கூடு வளர்ப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: கூடு கட்டும் நாட்களில் 24, 25 டிகிரிக்கு மேல் போகவிடாதீர்கள். தகரத்தின் மேல் தென்னங்கீற்று பரப்பி நனையுங்கள். ஈரச் சாக்கை உள்ளே தொங்கவிட வேண்டாம். கூடு கட்டும்போது காற்றில் ஈரம் கூடினால் கூடு கெடும். விதைக்கூட்டை மூட்டையாகக் கட்டி நண்பகலில் வண்டி ஏற்றாதீர்கள், விடியற்காலையில் கொண்டுபோங்கள்.

அந்த அண்ணன் இப்போது வெப்பமானியை நெற்றிகையிலேயே கட்டியிருக்கிறார்.