பாய்மரப் படகின் அறை வாசல்: பலகையா, கதவா?

சிறிய பாய்மரப் படகின் அறை வாசலை அடைக்க, இருபுறச் சட்டத்திலும் வெட்டிய நீண்ட பள்ளமான காடியில் இறங்கும் பலகைகள் ஏற்றவையா, கீல் வைத்த இரட்டைக் கதவு ஏற்றதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வசதியை மட்டும் பார்த்தால் கதவே மேல். ஒரு கையால் திறந்து மூடலாம், கழற்றிய பலகையை எங்கே வைப்பது என்ற தொல்லையும் இல்லை. ஆனால் கடலை வெளியே நிறுத்துவதே அடைப்பின் முதற்பணி என்பதால், கணக்கை நீரிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓட்டுபவர் அமரும் காக்பிட், வாசலுக்கு வெளியே இருக்கும் ஒரு பள்ளம். 1.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள காக்பிட்டில் 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு அலை நிரம்பினால், 600 லிட்டர் நீர் தேங்கும். 38 மில்லிமீட்டர் வடிகுழாய்கள் இரண்டு சேர்ந்து நொடிக்கு மூன்று நான்கு லிட்டரையே வெளியேற்றும். அரை மீட்டர் அகலமுள்ள வாசலின் விளிம்புக்கு மேல் நீர் 30 சென்டிமீட்டர் நின்றாலோ, நொடிக்கு ஏறத்தாழ 140 லிட்டர் அறைக்குள் பாயத் தொடங்கும். அடிப்பலகை ஒன்றை மட்டும் காடியில் விட்டுவைத்தால், அது அணைபோல் நின்று, நீர் குழாய் வழியே வடிவதற்கு அவகாசம் தரும். ஆட்களும் அதைத் தாண்டிப் போய்வரலாம். வாசலின் முழு உயரத்துக்கும் செய்த கதவுக்கு இத்தகைய இடைநிலை இல்லை.

வெளிப்புறம் திறக்கும் கதவை அலை அறையும்போது அது சட்டத்தின் மீது அழுந்துவதால் கீலுக்குப் பெரிய சுமை இல்லை. இரு கதவுகளும் சந்திக்கும் நடுக்கோடுதான் பலவீனம், ஏனெனில் அங்கே மேலும் கீழும் தவிர வேறு தாங்கல் கிடையாது. படகு சாயும்போது கீலின் அச்சும் சாய்வதால், திறந்த கதவு தானே வீசியடிக்கும். கொக்கி போட்டு நிறுத்தத்தான் வேண்டும்.

பலகைகளில் என்னை மிகவும் கவர்வது காடியின் சரிவு. பல படகுகளில் வாசல் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். அடியில் 50, மேலே 60 சென்டிமீட்டர் அகலமும், 60 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வாசலை எடுத்துக்கொள்வோம். 6 சென்டிமீட்டர் ஏறினால் அகலம் 1 சென்டிமீட்டர் கூடும். இருபுறமும் காடியின் ஆழம் ஒன்றரை சென்டிமீட்டர் என்றால், பலகை விடுபட 3 சென்டிமீட்டர் கூடுதல் அகலம் வேண்டும். அதாவது 18 சென்டிமீட்டர் தூக்கியதும் பலகை கைக்கு வந்துவிடும். இறக்கும்போது அதே சரிவு ஆப்பைப்போல் பலகையை இறுக்கி, ஆட்டமில்லாமல் நிறுத்துகிறது. ஒரே கோணத்திலிருந்து எளிமையும் இறுக்கமும் பிறப்பது அழகான வடிவியல். ஆயினும் படகு தலைகீழாகக் கவிழ்ந்தால், மேலே உள்ள நகரும் மூடி திறந்திருக்கும் நிலையில், அந்த 18 சென்டிமீட்டரைப் புவியீர்ப்பே கடந்துவிடும். பலகைகள் கழன்று விழ, வாசல் முழுதும் திறந்துவிடும்.

1979 ஆகஸ்டில் 303 படகுகள் புறப்பட்ட பாஸ்ட்நெட் என்னும் கடற் பாய்மரப் படகுப் போட்டியைப் புயல் தாக்கி, போட்டியாளர்கள் 15 பேர் உயிரிழந்தனர்; சில படகுகளில் பலகைகள் கழன்றுபோனதைப் பின்னர் நடந்த விசாரணை கவனப்படுத்தியது. இன்று கரையை விட்டுத் தொலைவில் நடக்கும் படகுப் போட்டிகளின் விதிகள், அடைப்பு படகுடன் கயிற்றால் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பூட்டித் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் கோருகின்றன. விபத்துகளைப் பொறுமையாக ஆராயும் இத்தகைய பணிக்கு, புதிய வடிவமைப்புக்குத் தரும் அளவு நிதியாவது தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே திறந்த கடலுக்குச் செல்பவருக்கு, ஒவ்வொன்றும் தனித்தனியே கயிறும் தாழும் பெற்ற பலகைகளையே பரிந்துரைப்பேன். அவற்றின் இணைப்பு விளிம்புகள் வெளிப்புறம் சரிந்திருந்தால் மழையும் தெறிநீரும் உள்ளே கசியாது. ஏரியிலும் அமைதியான கழிமுகத்திலும் ஓட்டுபவர் கதவை விரும்பினால், அடியில் ஒரு பலகையைக் காடியில் நிறுத்தி, அதற்கு மேலிருந்து கதவைத் தொடங்கச் செய்யலாம்.