உமிழ்திறன் 0.95 என்று எழுதும் முன்

வெப்ப வரைபட ஆய்வேடு எது கைக்கு வந்தாலும், உமிழ்திறனுக்கு (ஒரு பரப்பு வெப்பக் கதிரை எவ்வளவு நன்றாக உமிழ்கிறது என்பதற்கான அளவு; உச்சம் 1) என்ன எண் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் 0.95. காரணம் கேட்டால், கருவியில் அப்படித்தான் இருந்தது என்பார்கள்.

27 டிகிரி செல்சியஸில் உள்ள தரையை 10 மைக்ரான் அலைநீளத்தில் அளக்கும்போது, உமிழ்திறன் 0.01 பிசகினால் வெப்பநிலை சுமார் அரை டிகிரி பிசகும். புதிய துத்தநாகத் தகட்டுக் கூரையில் பிசகு இந்த அளவோடு நிற்காது. நடுப்பகலில் கை வைக்க முடியாத தகட்டை அகச்சிவப்பு வெப்பமானி குளிர்ந்ததாகக் காட்டும். தகடு தானாக உமிழ்வது கொஞ்சம்; கருவிக்குள் போவதில் பெரும்பகுதி அதில் பட்டுத் திரும்பும் குளிர்ந்த வானத்தின் கதிர்.

ஆகவேதான் கதிரை அலைநீளம் வாரியாகப் பிரித்து அளக்கும் கையடக்க ஸ்பெக்ட்ரோமீட்டரைத் தூக்கிக்கொண்டு, உமிழ்திறனை நேரில் அளக்கக் களத்துக்குப் போகிறோம். தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் மேடுகளான தேரிக்காடு இதற்கு நல்ல பள்ளிக்கூடம். சிவப்பு நிறம் மேலே படிந்த இரும்பு ஆக்சைடு. உள்ளே இருப்பது குவார்ட்ஸ் என்ற கனிமம். 8 முதல் 9.5 மைக்ரான் வரை குவார்ட்ஸின் உமிழ்திறன் சட்டென்று சரியும். வரைகோட்டில் விழும் அந்தப் பள்ளத்தின் நடுவே, 8.6 அருகில், ஒரு சிறு மேடு தெரியும். அந்த மேடு தெளிவாக வந்தால் அன்றைய அளவீட்டை நம்பலாம்.

வேலை என்னவோ எளிதுதான். டிடெக்டரைத் திரவ நைட்ரஜனால் குளிர்விக்க வேண்டும் (வெயிலில் அது ஆவியாகும் வேகம் வயிற்றைக் கலக்கும்). குளிர்ந்த, சூடான இரு கரும்பொருள்களை (உமிழ்திறன் ஏறக்குறைய 1 உள்ள ஒப்பீட்டுப் பரப்புகள்) வைத்து அளவுதிருத்தம், பிறகு சொரசொரப்பான தங்கத் தகட்டில் பட்டுத் திரும்பும் வானக் கதிர், அடுத்து மணல். தகட்டுக்கும் மணலுக்கும் இடையே ஒரு மேகம் நகர்ந்து வந்தால் வானக் கதிர் மாறிவிடும். தகட்டை மறுபடி அளக்கத்தான் வேண்டும். தங்கத்தில் விரல் படக் கூடாது.

வெயிலுக்குக் கருவியை ஒட்டி நின்று நிழல் கொடுப்பவர்கள் உண்டு. நல்லெண்ணம்தான். ஆனால் மனித உடலும் ஓர் அகச்சிவப்பு விளக்கு. அந்தக் கதிர் மணலில் பட்டுத் திரும்பினால் பள்ளம் ஆழம் குறைந்துபோகும். அளக்கும் இடத்தை மிதித்துவிட்டாலும் அதே கதி: அடியிலுள்ள ஈர மணல் மேலே வரும், நீரின் உமிழ்திறனோ 0.98 அளவில் இருக்கிறது. சிலர் அச்சிடும் உமிழ்திறன் வரைகோடுகளில் மதிப்பு 1-ஐத் தாண்டும். இயற்பியலில் அதற்கு இடமில்லை. தரையின் வெப்பநிலையையோ வானக் கதிரையோ தவறாக எடுத்திருக்கிறோம் என்று பொருள். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மீதியை அச்சிடுவது அறிவியல் அல்ல.

தேரிக்காட்டையே லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளின் 10ஆம் அலைநீளப் பட்டையில் பார்த்தால் 0.95 பெரிய கேடு செய்யாது. அந்தப் பட்டை 10.6 மைக்ரானில் தொடங்குகிறது. பள்ளம் அதற்கு வெளியே கிடக்கிறது. டெரா செயற்கைக்கோளில் உள்ள ஆஸ்டர் கருவியின் 10, 11, 12ஆம் பட்டைகளோ 8.1 முதல் 9.3 மைக்ரான் வரை, பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் இந்த எண்ணைப் போட்டவர் தரையைப் பல டிகிரி குளிராகக் காட்டியிருப்பார்.